கட்டை வெரலுக்குத் துணி கட்டினவ

அவ செத்து ஒரு வருசம் ஆவப்போவுது. இப்பவும் அவமேல எனக்கு வயித்தெரிச்சல்தான். அழுவுறேன், இல்லன்னு சொல்லல. அழுதுக்கினே வயிறும் எரியுது. ரெண்டும் ஒண்ணா வரும்னு எனக்கு யாரும் சொல்லல.

எங்க வூட்டுக்காரருக்கு அவ மொத பொண்டாட்டி. நான் ரெண்டாவது. அக்கான்னுதான் கூப்புடுவேன். இன்னிக்கு வரைக்கும் அவ பேரு என் வாயில வந்ததில்ல. இங்கயும் வராது.

அவகிட்ட இருந்து ஒரு பைசா யாரும் புடுங்க முடியாது. புருசன் முடியாது, பிக்பாக்கெட்டு முடியாது, பேங்கே முடியாது. அவளப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்னா இதத்தான் சொல்லுவேன்.

பழவேற்காட்டு ஏரியில எங்க பக்கத்துப் பொம்பளைங்க வலையும் இல்லாம தூண்டிலும் இல்லாம கையாலயே எறா புடிப்போம். இடுப்பளவு தண்ணியில குந்திக்கினு, அடிச்சேத்துல ரெண்டு கையும் வுட்டுத் தடவிக்கினே நவுரணும். எறா தட்டுப்பட்டா அமுக்கிப் புடிச்சிப் பறியில போடணும். பறின்னா பனவோலையில முடைஞ்ச பை. ரெண்டு கையும் சேத்துல கெடக்கறதால பறியப் பல்லுல கடிச்சிக்குவோம். அதனால ஏரியில எறங்கிட்டா ஒருத்தியும் பேசமுடியாது. அக்கா மட்டும் பறியக் கடிச்சிக்கினே திட்டுவா. இன்னா திட்டுறான்னு புரியாது. திட்டுறான்னு மட்டும் நல்லாப் புரியும்.

எடது கட்டை வெரலுல அவ ஒரு துணி சுத்தியிருப்பா. பழைய கைலித் துணி. அது அவுராம இருக்க சைக்கிள் டியூப வளையமா வெட்டி மேல மாட்டியிருப்பா. ஒரு கை வெரலக் கட்டிப்போட்டுட்டா எறா பாதிதான் கெடைக்கும். மத்தவ பறி ரொம்பும்போது இவ பறி அரையில நிக்கும். ஆனாலும் அவுக்கமாட்டா.

"இன்னாமே, உன் வெரலு வயசுக்கு வந்துட்ச்சா? மூடி மூடி வெச்சிக்கினு கீற?"ன்னு கரையில பொம்பளைங்க கேப்பாளுங்க.

"ஆமா, பொண்ணு கேட்டு வந்துடாத. உன் புள்ளைக்குத் தர்றதா இல்ல"ம்பா.

அந்தத் துணி வந்த கதைய எங்க வூட்டுக்காரரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னால நடந்தது. அப்ப ஏரிக்கு அந்தாண்ட ஊருக்குள்ள பேங்கு தொறந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு. அக்கா கணக்கு வெச்சா. எங்க ஜனத்துல மொதல்ல கணக்கு வெச்சவ அவதான். கையெழுத்து தெரியாது, அதனால கைநாட்டு. காசு போட்டுக்கினே வந்து, ஒரு நாளு எடுக்கப் போயிருக்கா. வெரல மையில வெச்சி அழுத்தினா, தாள்ல ஒரு கறுப்புத் திட்டுதான் வுழுந்திருக்குது. சேறும் கிளிஞ்சலும் எறா முள்ளும் தேச்சித் தேச்சி வெரலுல ரேகையே இல்ல.

"இது உன் வெரலுதான்னு நான் எப்பிடிம்மா நம்பறது?"ன்னாராம் ஆபீசரு.

"வெரலு என் கையிலதான சார் கீது?"ன்னாளாம் இவ.

அவரு சிரிச்சாராம். காசு மட்டும் தரல. எங்க வூட்டுக்காரரு சட்டையப் புடிக்கப் போயிட்டாராம். அக்காதான் இஸ்துக்கினு வந்தா. "அந்த ஆளு செஞ்சதுதான்யா ரைட்டு. எவ வந்து வெரல நீட்டினாலும் குடுத்துட்டா அது இன்னா பேங்கு?"ன்னாளாம். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஏரியில எறங்கல. வெரலுக்குத் தேங்காண்ணை தடவி, கொழந்தையப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கினா. தோலு உரிஞ்சி, ரேகை திரும்பி வந்துச்சு. போய் வெச்சா. காசு வந்துச்சு. அன்னிக்குக் கட்டினதுதான் துணி.

மத்தவங்க சாவிய இடுப்புல சொருவுவாங்க. அவ சாவியக் கையிலயே வளத்தா.

அவ ஏமாந்தது எனக்குத் தெரிஞ்சி ஒரு வாட்டிதான். படகுல தண்ணி அடிச்சி பேங்கு புஸ்தகம் நனைஞ்சி ஊறிப்போச்சு. புது புஸ்தகத்துக்குக் காசு புடிச்சிக்கினாங்க. அந்தக் காசுக்கு மூணு நாளு சரியா சோறு தின்னல. அப்புறம் புஸ்தகத்த உரச் சாக்குத் துண்டுல சுத்தி, கூடைக்கு வெக்கற சும்மாட்டுக்குள்ள வெச்சித் தலையில சொமந்துக்கினுதான் போவா. பேங்குலேர்ந்து திரும்பும்போது படகுல யாராச்சும் "எங்க போயாற?"ன்னா, கன்னத்த உப்பிக்கினு "பல்லு வலி"ம்பா. ஊரே அவளுக்கு மாசாமாசம் பல்லு வலி வருதுன்னு நெனச்சிக்கினு இருந்துச்சு.

பொன்னேரி பஸ்ல ஒரு தடவ நானும் கூட இருந்தேன். சரியான கும்பலு. அக்கா இடுப்புல வெளிய தெரியுற மாதிரி ஒரு சுருக்குப்பை தொங்கும், நான் பாத்திருக்கேன். அதுல இன்னா கீதுன்னு கேட்டதில்ல. திடீர்னு பக்கத்துல நின்னவன் "ஐயோ அம்மா"ன்னு கத்தினான். கைய ஒதறுறான், ஒதறுறான், வரல. வெரலக் கவ்விக்கினு ஒரு நண்டு தொங்குது. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

அக்கா அமைதியா கைய நீட்டினா. "யோவ், என் நண்டக் குடு. சாயங்காலம் கொழம்புக்கு."

நான் சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துட்ச்சு. அன்னிக்கு ராவெல்லாம் எரிச்சலு. நான் ஏன் இவள மாதிரி இல்லன்னு.

என் கதையையும் சொல்லிடறேன். எனக்கு ஊரு எளாவூரு. மூணாவது வரைக்கும் படிச்சேன். எங்க நைனா போனதும் கேக்க ஆளில்ல, இங்க கட்டிக் குடுத்துட்டாங்க. அக்காவுக்குக் கொழந்த இல்லன்னு சொல்லித்தான் என்னைக் கட்டினாரு. எனக்கும் பொறக்கல. கரையில ஒருத்தி குத்திக் காட்டினா. எனக்கு மொகம் சுருங்கிப்போச்சு. அக்கா தண்ணியில குந்தினபடியே பறிய வாயிலேர்ந்து எடுத்தா. "ரெண்டு வயல்ல வெதச்சும் மொளைக்கலன்னா, வயலயாடி திட்டுவாங்க? வெதைய மோந்து பாக்கமாட்டாங்க?"ன்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச யாரும் எடுக்கல. எனக்காகப் பேசினாளா, அவளுக்காகப் பேசினாளா தெரியாது.

அவரு எனக்கு வளையலு வாங்கியாருவாரு. பூ வாங்கியாருவாரு. கூலிக் காசு மட்டும் அவ கையில. பூ எனக்கு, ரூவா அவளுக்கு. ரொம்ப நாளு நான்தான் ஜெயிச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறந்தான் பாத்தேன். காசு குடுக்கற அன்னிக்கி ரெண்டு பேரும் வாசல்ல குந்திக்கினு சண்டை போடுவாங்க.

"மீதி ரெண்டு ரூவா எங்கய்யா?"

"டீ குடிச்சேன்மே."

"ரெண்டு ரூவாய்க்கா? டீக்கடையவே குடிச்சியா?"

"பசங்களுக்கும் வாங்கிக் குடுத்தேன்."

"எந்தப் பசங்க? பேரச் சொல்லு, போய்க் கேட்டுக்கினு வரேன்."

அவரு மொறைப்பாரு, கத்துவாரு, கடைசியில கைலி மடிப்புலேர்ந்து அந்த ரெண்டு ரூவாய எடுத்து வீசுவாரு. அவ பொறுக்கிக்கினு சிரிப்பா. அவரும் சிரிச்சிடுவாரு. அந்தச் சிரிப்பு இருக்குதே, அது என்கிட்ட அவரு சிரிச்சதே இல்ல. என்கிட்ட கொஞ்சுவாரு. சண்டை போடமாட்டாரு. இப்ப கூலிய நேரா என் கையில குடுத்துட்டுப் போயிடறாரு. எதையும் ஒளிக்கறதில்ல. ஒளிச்சா நல்லாயிருக்கும்னு தோணுது எனக்கு.

என்கிட்டயும் அவ உசாராத்தான் இருப்பா. வெல்ல டப்பாவுல ஒரு ஈயப் புடிச்சிப் போட்டு மூடி வெப்பா. யாராச்சும் தொறந்தா ஈ பறந்துடும், அவளுக்குத் தெரிஞ்சிடும். ஒரு நாளு அவளப் பாக்க வந்தவங்களுக்குத்தான் பானகம் கரைக்கலாம்னு தொறந்தேன். ஈ போயிட்ச்சு. சாயங்காலம் வந்து டப்பாவப் பாத்துட்டு என்னையப் பாத்தா.

"நான் இன்னா திருடியாக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

"திருடின்னா சொன்னேன்?"

"ஈயப் போட்டு வெக்கறியே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"நல்லவ நல்லவளாவே இருக்கணும்னுதாண்டி பூட்டு. திருடனுக்கு எதுக்கு பூட்டு? அவன் ஒடச்சிட்டுப் போயிடுவான்."

அடுப்பாண்ட போய் அழுதேன். ஒரு ஈ அளவுக்குக் கூட இந்த வூட்ல என்மேல நம்பிக்கை இல்லையேன்னு.

காசெல்லாம் எதுக்குன்னா, சொந்தப் படகுக்கு. அவரு கடைசி வரைக்கும் அடுத்தவன் படகுல போவக்கூடாதுன்னு அவளுக்கு ஒரு வெறி. தான் ஒரு நல்ல புடவ கட்டமாட்டா. எனக்கும் தரமாட்டா.

பேங்குக்கு எதுத்தாப்புல ஒரு மரத்தடியில ஒருத்தன் குந்தியிருப்பான். பேங்கு ஆளு இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு பணம் எடுக்கற சீட்டு எழுதிக் குடுத்துக் காசு வாங்குவான். "வெரல மட்டும் வெச்சிட்டு நெழல்ல குந்தும்மா. மீதிய நான் எழுதி, டோக்கன் போட்டு வாங்கியாறேன்"ம்பான். நூறு கேட்டவளுக்கு நூறு வரும். புஸ்தகத்துல நூத்தம்பது கொறஞ்சிருக்கும். நம்ம ஜனத்துக்குப் புஸ்தகத்தப் படிக்கவா தெரியும்? அக்கா மட்டும் அவன்கிட்ட, "மொதல்ல எழுது. எழுதினத நாலு பேருகிட்ட காட்டிட்டு வரேன். அப்புறந்தான் வெரலு"ம்பா. பாய் டீக்கடையில குந்தியிருக்கறவங்ககிட்ட எல்லாம் சீட்டக் காட்டுவா. அவன் இவளப் பாத்தாலே பேனாவ மூடிக்குவான்.

"வெத்துத் தாள்ல வெரலு வெக்கறது கதவத் தொறந்து வுடற மாதிரி இல்லடி. திருடன எழுப்பி சோறு போடற மாதிரி"ன்னு என்கிட்ட சொல்லுவா.

போன மழைக்காலத்துல ஏரியில கிளிஞ்சல் கிழிச்சிட்ச்சு அவ காலு. சின்ன வெட்டு. மஞ்சளு வெச்சிக் கட்டிக்கினு மறுபடியும் சேத்துல எறங்கினா. காலு வீங்கிச்சு. ஜொரம் வந்துச்சு. "போவலாம் வா"ன்னு அவரு கூப்புட்டா, "படகுக் காச காலுக்குப் போடவா?"ன்னா. வீக்கம் முட்டிக்கு மேல ஏறிச்சு, தோலு கறுத்துச்சு. ஊசி போட வந்த கம்பவுண்டரு பாத்துட்டு, "பொன்னேரிக்கு இன்னிக்கே போங்க. காசு எடுத்துக்கினு போங்க. லேட்டு பண்ணா உசுரு நிக்காது"ன்னுட்டாரு.

காசு பேங்குல. பேங்குக்குச் சாவி அவ வெரலு.

எங்க வூட்டுக்காரரு படகுல ஓடிப்போயி, அந்த மரத்தடி ஆளுகிட்டயிருந்து ஒரு சீட்டு வாங்கியாந்தாரு. வெறும் சீட்டு. "இதுல வெரலு வெச்சிக் குடுத்தா போதுமாம். மீதிய அவன் பாத்துக்குவானாம். வெய்மே."

அக்கா கண்ணு பாதி மூடியிருக்குது. ஒடம்பு அனலாக் கொதிக்குது. சீட்டப் பாத்தா. எடது கைய மடக்கி, கட்டை வெரல உள்ள வெச்சி இறுக்கிக்கினா.

"வெய்மே, கால்ல வுழறேன்."

"எழுதிக்கினு வா."

"யாரு எழுதறது இங்க? சாவப்போற நீ!"

"வெத்துத் தாள்ல வெக்கமாட்டேன்யா."

அவரு அவ கையப் புடிச்சி வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சாரு. நான் தோளப் புடிச்சிக்கினேன். சாவக் கெடக்கறவளுக்கு எங்கேர்ந்துதான் அந்த பலம் வந்துச்சோ. ஒரு வெரல பிரிச்சா இன்னொண்ணு மூடிக்குது. அவரு வுட்டுட்டு, தலையில அடிச்சிக்கினு அழுதாரு.

"நான் எழுதறேன்"ன்னேன் நான்.

அவரு என்னைப் பாத்தாரு. "நீயா?"

"மூணாவது படிச்சிருக்கேன். நம்பரு தெரியும். ரூவான்னு எழுதத் தெரியும்."

அக்கா கண்ணத் தொறந்து என்னையே பாத்தா, ரொம்ப நேரம். பேங்கு ஆபீசரு அவ வெரலப் பாத்த மாதிரி. அப்புறம், "எழுது"ன்னா.

எவ்ளோன்னு சொன்னா. எழுதினேன். பூஜ்ஜியம் கோழிமுட்டை மாதிரி கோணிக்கினு வந்துச்சு. அத அவ மொகத்தாண்ட காட்டச் சொன்னா. அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனா நோட்டுல இருக்கற நம்பரெல்லாம் தெரியும். பாத்தா. தலையாட்டினா. அப்பவும் வெரலு வெக்கல.

"அங்க போய் வெக்கறேன். தாளு தனியாப் போனா, அவன் எவளயாச்சும் என் பேருல நிக்க வெப்பான். தூக்குங்க."

தண்ணி எறங்கியிருந்துச்சு. படகு தூரத்துல நிக்குது. நடுவுல முட்டியளவு சேறு. அவரு அவள முதுவுல தூக்கிக்கினாரு, உப்பு மூட்டை தூக்கற மாதிரி. நான் பின்னால துணிமூட்டையத் தூக்கிக்கினு சேத்துல கால இஸ்து இஸ்து வெச்சிப் போறேன். அவ தலை அவரு தோள்ல சாஞ்சிருக்குது. அவரு அழுவறாரு.

"அழுவாதய்யா, வழுக்கும்"ங்கறா.

அப்ப எரிஞ்சிச்சு பாரு என் வயிறு. என்னைய ஒரு நாளு தூக்கினதில்ல. இப்பிடி எனக்காக ஒரு நாளு அழுததில்ல. சாவப்போறவளப் பாத்து எரியுற வயிறு இன்னா வயிறுன்னு என்னைய நானே திட்டிக்கினேன். திட்டினாலும் எரிஞ்சிச்சு.

பேங்குல பெஞ்சுல படுக்க வெச்சோம். ஆபீசரு மைப்பெட்டியக் கையில எடுத்துக்கினு அவகிட்டயே வந்தாரு. அவ டியூபு வளையத்தக் கழட்டச் சொன்னா. நான் கழட்டினேன். துணிய அவுத்தேன். கையெல்லாம் கறுத்து, வெடிச்சி, காப்புக் காய்ச்சிக் கெடக்குது. அந்த ஒரு வெரலு மட்டும் வெளுத்து, மெத்துனு, வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. மையில வெச்சி அழுத்தினா. தாள்ல ரேகை ஒவ்வொண்ணும் தெரிஞ்சிச்சு.

"பாத்துக்க சார். என் வெரலுதான்"ன்னா.

ஆபீசரு காசக் கொண்டாந்து, "யாருகிட்ட குடுக்கறது?"ன்னு கேட்டாரு. எங்க வூட்டுக்காரரு கைய நீட்டினாரு.

"அவகிட்ட"ன்னா அக்கா. என்னையக் காட்டி.

வாங்கினேன். முந்தானையில முடிஞ்சி இடுப்புல சொருவிக்கினேன். வெளிய பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரு சோடா வாங்கப் போயிட்டாரு. அவ தலை என் மடியில. என்னால சும்மா இருக்கமுடியல.

"இப்பவாச்சும் என்மேல நம்பிக்கை வந்துச்சாக்கா?"

ஒத்தக் கண்ணத் தொறந்தா. "நம்பிக்கையா? அவரு கைலியில ஓட்டைடி."

இன்னும் ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல.

பஸ்ல சன்னலோரமா அவள வெச்சி, நான் பக்கத்துல குந்திக்கினேன். அவரு நின்னுக்கினு வந்தாரு. பஸ்ஸு கெளம்பினதும் அவ கைய எடுத்து என் இடுப்புல, அந்த முடிச்சு மேல வெச்சா. வெச்சி அப்பிடியே மூடிக்கினா. ஆட்டத்துல தலை என் தோள்ல வுழுந்துச்சு. கை மட்டும் நவுரல. எதுத்த சீட்டுல குந்தியிருந்த ஒரு அம்மா பாத்துட்டு, "கூடப் பொறந்தவங்களா? இன்னா பாசம் பாரு"ன்னிச்சு.

பாசமா அது? காசுக்குக் காவலு. ஆனா நான், "ஆமாம்மா, எங்க அக்கா"ன்னேன்.

அனல் மாதிரி இருந்துச்சு அந்தக் கை. புடவையத் தாண்டி சுட்டுது. கொஞ்சம் நவுத்திக்கலாம்னு தோணுச்சு. நவுத்தல. என்னை அவ அவ்ளோ நேரம் தொட்டதே இல்ல. ரெண்டு நாளுல ஆஸ்பத்திரியிலயே போயிடுவான்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த பஸ்ஸ இன்னும் மெதுவா ஓட்டச் சொல்லியிருப்பேன்.

பொன்னேரியில பஸ்ஸு நின்னுச்சு. அவரு கும்பலத் தள்ளிக்கினு வந்தாரு. "நவுரு புள்ள, நான் தூக்கறேன்."

"வேணா. நீ எறங்கு."

"இன்னாது?"

"எறங்குன்றேன். நான் தூக்கிக்கறேன்."

"உன்னால முடியாது."

"முடியும் போ."

முதுவக் காட்டிக் குனிஞ்சேன். எதுத்த சீட்டு அம்மாதான் அவளத் தூக்கி என்மேல சாய்ச்சிவுட்டுச்சு. கனமே இல்ல. ஏரியில புடிச்ச எறாவையெல்லாம் தானே தின்னிருந்தாலும் கொஞ்சம் கனம் இருந்திருக்கும். படியில எறங்கும்போது என் காதாண்ட, "முடிச்சு இருக்குதா பாரு"ன்னா.

"இருக்குதுக்கா."

"தொட்டுப் பாத்துச் சொல்லு."

ஒரு கையால அவளப் புடிச்சிக்கினு, ஒரு கையால தொட்டுப் பாத்தேன். "இருக்குது."

அப்புறந்தான் தலைய என் கழுத்துல சாய்ச்சா. ஆஸ்பத்திரி ரோட்டுல அவளத் தூக்கிக்கினு நான் முன்னால நடந்தேன். அவரு வெறுங்கைய வீசிக்கினு பின்னால ஓடியாந்தாரு, "குடு புள்ள, குடு புள்ள"ன்னு. நான் குடுக்கல.